தென்னந்தோப்புக்குள் ஒரு நீரா சாளை

ஆனைமலைப் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு நீரா, அதாவது தென்னம்பாளையிலிருந்து இறக்கும் புளிக்காத இனிப்புச் சாறு, சேகரித்துச் சர்க்கரை காய்ச்ச ஒரு கட்டடம், எங்கள் பேச்சில் சாளை, தேவைப்பட்டது. உரிமம், வங்கிக் கடன் எல்லாம் ஒருவழியாக முடிந்தன. கட்டடத்தை எங்கே, எப்படி வைப்பது என்பதுதான் இழுத்துக்கொண்டே போனது.

தென்னைகள் 25 அடி இடைவெளியில் நிற்கின்றன. அதற்குள் செருகினால் மட்டையும் நெற்றும் விழுந்து ஓடு நொறுங்கும். வேர் வாடல் நோய்க்காக மரங்களை வெட்டிய வெளி ஒன்று கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டோம். வேப்பமரத்தடியில் ஊரார் கும்பிடும் கன்னிமார் கற்கள் இருந்த இடத்தைப் பொறியாளர் வண்டி திரும்பக் குறித்திருந்தார். யாரும் ஒப்பவில்லை. கடைசியில் வண்டிப் பாதைதான் வளைந்தது.

பெரிய தலைவலி ஆவி. ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏழெட்டு லிட்டர் நீரா காய வேண்டும். சர்க்கரை போக மிச்சம் பூராவும் ஆவிதான். தகரக் கூரை மலிவு என்றார்கள். ஆனால் தகரத்தில் ஆவி குளிர்ந்து, காய்ச்சும் கொப்பரைக்குள்ளேயே சொட்டும். அதனால் நல்ல சரிவுள்ள ஓட்டுக்கூரை போட்டு, முகட்டைத் திறந்துவிட்டு, அதன்மேல் ஒரு குட்டிக் கூரை வைத்தோம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளோடு அது ஒத்துப்போனது உபரி லாபம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து அடித்து வாங்கும். புகை குளிர் அறைப் பக்கம் போகாதபடி அடுப்பைத் தென்கிழக்கில் வைத்தோம். அக்கினி மூலை என்று பெரியவர்களுக்கும் திருப்தி. சண்டையில்லாமல் முடிந்தது இது ஒன்றுதான்! நீரா மரத்திலிருந்து இறங்கும்போதே புளிக்கப் பார்க்கும் என்பதால், பனிக்கட்டிப் பெட்டிகள் நேரே போய்ச் சேரும்படி குளிர் அறையைப் பாதையோரம், வெயில் அதிகம் படாத வடக்கில் வைத்தோம்.

அஸ்திவாரம் தோண்டும்போதே பக்கத்துத் தோட்டத்து அம்மாயி கேட்டார்: "ஏங்கண்ணு, கள்ளுக்கடையா கட்டறீங்கோ?" சிரித்துவிட்டுப் போக முடியாத கேள்வி. பாதைப் பக்கம் மதில் எழுப்புவதாக இருந்ததை விட்டுவிட்டு நீளமான திண்ணை போட்டோம். யாரும் உட்கார்ந்து காய்ச்சுவதைப் பார்க்கலாம். இப்போது அம்மாயிதான் பாகு பதம் சொல்கிறார்.

ஐப்பசியில் காற்று திரும்பிக் கிழக்கேயிருந்து அடித்தால் புகை உள்ளே வரும். அதற்காக அடுப்புப் பக்கம் மடக்குக் கதவு மாட்டியிருக்கிறோம். போதுமா என்பது அந்த மழையில்தான் தெரியும்.