முதலில் வரத்துக்கால்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையே பெய்வதில்லை என்று வெளியூர் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே இங்கு மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், ஆழ்துளைக் கிணறு போட்டுத் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. கிணறு சுரக்கும் பகுதியில் ஓர் உழவர் தனியாகப் பாடுபட்டுக் கரையேறிவிடலாம். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கோ ஊருக்கெல்லாம் பொதுவான கண்மாய், அதாவது பாசன ஏரி, ஒன்றுதான் இருக்கிறது. அதனால் எங்கள் வறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தக் கண்மாயை யார் பேணுகிறார்கள், தண்ணீரை யார் பங்கிடுகிறார்கள் என்ற கேள்வியில்தான் பேச்சு வந்து நிற்கும்.

கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில் எங்கள் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழூருக்குத் தண்ணீர் வரும். கரையைக் காவல் காப்பதும், வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறந்து அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் நீர்க்கட்டியின் வேலை. அவருக்கு அறுவடையில் நெல்லாகவே கூலி அளந்தார்கள். தூர் அகற்றவும் கரையை உயர்த்தவும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து உழைத்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் பிரிட்டிஷ் அரசு இந்த உழைப்பைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. ஊரார் தாமாகச் செய்துவந்ததை அதிகாரத்தின் கட்டளையாக மாற்றியது அந்த வழக்கத்துக்கு நன்மை செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன். விடுதலைக்குப் பின்னர், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. ஊருக்குப் பார்வையாளர் இடம்தான் மிஞ்சியது.

எங்கள் ஊர்க் கண்மாயில் சில ஆண்டுகளுக்கு முன்பு தூர் வாரினார்கள். இயந்திரங்கள் வந்தன, நடுவில் ஆழமாகப் பள்ளம் எடுத்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார். அடுத்த மழையில் பள்ளம் நிறைந்தது. ஆனால் மடையின் அடிமட்டத்தைவிடக் கீழே நின்ற அந்தத் தண்ணீர் ஒரு வயலுக்கும் ஏறவில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாரும் தொடவே இல்லை. அது சீமைக்கருவேல் அடர்ந்து, பாதித் தொலைவு ஆக்கிரமிப்பில் கிடந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று வயதான நீர்க்கட்டி ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டிருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பின்னர் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடியபோது, முதலில் வரத்துக்கால், அடுத்து மடையும் கலுங்கும், கடைசியில்தான் தூர் என்று முடிவெடுத்தார்கள். ஆக்கிரமித்தவர்களில் சங்கத்தாரின் உறவினர்களும் இருந்ததால், அந்த ஒரு முடிவை நிறைவேற்ற மண் வெட்டியதைவிட அதிக நாள் பேச வேண்டியிருந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே தொடங்கிய திட்டத்தில், செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற விதி இருந்தது. அந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன். தன் கையிலிருந்து நூறு ரூபாய் போட்டவர், கரையில் கொட்டிய மண் சரியாக இறுகியதா என்று தாமே போய்ப் பார்ப்பார். ஒப்பந்தக்காரரே அந்தப் பங்கையும் கட்டிவிட்டால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும்.

தண்ணீர் வந்துவிட்டால் வறுமை தானாக நீங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. புழுதியில் நெல் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் கடன் ஏறுகிறது. எங்கள் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விதைப்புக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், விளைந்த வற்றலை அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். மதுரையை அடுத்த புல்லுச்சேரியைச் சேர்ந்த கூலித் தொழிலாளியான சின்னப்பிள்ளை அம்மாள், களஞ்சியம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டியெழுப்பினார். 2001இல் அவருக்கு விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தது. அக்குழுக்களில் சிறு தொகையாகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிய பெண்கள், கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போவதை நிறுத்தினார்கள். எங்கள் ஊரிலும் பெண்கள் குழு நடத்திக் கணக்கு எழுதிப் பழகிய பிறகுதான், கண்மாய்ச் சங்கத்தின் வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் துணிவு பிறந்தது.

நிலமில்லாதவர்களின் நிலைதான் என்னை மிகவும் உறுத்துகிறது. சீமைக்கருவேலை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தே எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் கோடையைக் கடக்கின்றன. கண்மாய் நிறைந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் அந்த மரத்தைப் பிடுங்குவது நியாயமாகாது. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன் பாசி ஏலத் தொகையில் பங்கு, கரைவேலையில் முன்னுரிமை, கண்மாய் வண்டலான கரம்பை மண் அள்ளும் உரிமை ஆகியவை அவர்களுக்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வாக்குரிமையை ஆயக்கட்டு நில உரிமையாளர்களுக்கே தருகிறது. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால், நாற்று நட்டு, களை பறித்து, மிளகாய் பழம் எடுக்கும் பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் வாக்கு இல்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் சட்டத்துக்கு வெளியே, வீட்டுக்கு இருவர், அதில் ஒருவர் பெண், நிலமில்லாத வீட்டுக்கும் அதே கணக்கு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். மீன் ஏலத்தைப் பங்கிட்ட முதல் ஆண்டில், வரத்துக்காலைச் சுத்தம் செய்ய முதலில் மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள் நிலமில்லாத வீட்டுக்காரர்கள்தான்.