அறுவை அரங்கப் பொறுப்பில்: சில நாட்குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

மயக்க மருத்துவராகப் பதினாறு ஆண்டுகளும், அறுவை அரங்கின் பொறுப்பாளராக ஐந்து மாதங்களும் ஆகின்றன. இன்று மூன்றாவது அறுவைக்கு முன் சரிபார்ப்புப் பட்டியலை வாசித்த செவிலியர், "ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, மேடம்?" என்று கேட்டார். அடுத்த வாரத்து டியூட்டி பட்டியலைக் கைப்பேசியில் திருத்திக்கொண்டே "ஆயிற்று" என்றேன். தோலைக் கீறிப் பத்து நிமிடம் கழிந்த பிறகுதான், மருந்து நிறைந்த சிரிஞ்சு என் தட்டிலேயே கிடப்பதைக் கண்டேன். அறுவை மருத்துவரிடம் சொல்லிவிட்டு மருந்தைச் செலுத்தி, நேரத்தை உள்ளபடியே பதிவேட்டில் எழுதினேன். நோயாளி நலமாக இருக்கிறார். கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் கொடுத்திருக்க வேண்டிய மருந்து அது. பயிற்சி மாணவர் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் நான் என்னவெல்லாம் பேசியிருப்பேன் என்பதை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

மார்ச் 5, புதன்

அன்று செவிலியர் வாசித்த, உலக சுகாதார நிறுவனத்தின் அந்தச் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ளவை 19 அம்சங்களே. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு முடிவை, ஆண்டுதோறும் மாணவர்களுக்குத் திரையில் காட்டி விளக்குபவள் நான்தான்.

ஒரு தவறின் வேரைக் காணும்வரை "ஏன்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும், டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் டாயிச்சி ஓனோ வலியுறுத்திய "ஐந்து ஏன்" முறையை இன்று என்மீதே பிரயோகித்துப் பார்த்தேன். பார்க்காமல் ஏன் பதில் சொன்னேன்? கண் கைப்பேசியில் இருந்தது. அரங்குக்குள் ஏன் டியூட்டி பட்டியல்? வேறு நேரம் இல்லை. ஏன் இல்லை? பொறுப்பு கூடியபோது பழைய வேலைகளில் ஒன்றைக்கூட நான் இறக்கி வைக்கவில்லை. இந்த இடத்தில் "ஆள் பற்றாக்குறை" என்று எழுதி முடித்துவிடக் கை துடித்தது, அது உண்மையும்கூட. ஆனால் அப்படி எழுதினால் நாளைக் காலை நான் மாற்றிக்கொள்ள எதுவுமே இராது என்பதால், அதை அடித்துவிட்டு மேலும் கேட்டேன். ஏன் இறக்கி வைக்கவில்லை? பிறர் செய்தால் தவறு வரும் என்று நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன்? இதற்குப் பதில் எழுத அரை மணி நேரமாயிற்று: எல்லாம் என் வழியாகவே நடக்கும்போது நான் இன்றியமையாதவள் என்று தோன்றுகிறது, அந்த உணர்வு எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 8, சனி

பணி ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் நாட்குறிப்பில் தம்மைத் தாமே கேள்வி கேட்டு எழுதியவர் என்பது நினைவுக்கு வந்தது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களால் கண் அறுவை செய்யத் தம்மைப் பழக்கிக்கொண்ட அவருக்குத் தம் கையைத் தாமே கவனித்துத் திருத்தும் பழக்கம் இயல்பாகவே வந்திருக்க வேண்டும். (நான் ஜனவரியில் தொடங்கும் நாட்குறிப்புகள் பொங்கலைத் தாண்டியதில்லை. மார்ச்சில் தொடங்கியிருப்பதால் ஒரு நம்பிக்கை.)

மார்ச் 14, வெள்ளி

டியூட்டி பட்டியலை மூத்த சிஸ்டரிடம் திங்களன்றே ஒப்படைத்தேன். இன்று பார்த்தால், ஒரே நாளில் இருவருக்கு விடுப்பு கொடுத்திருக்கிறார். "நானே போட்டுவிடுகிறேன், சிஸ்டர்" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டு, "வியாழக்கிழமைக்கு என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்து, வார்டிலிருந்து ஒருவரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்குத் தோன்றியிராத வழி அது.

மார்ச் 19, புதன்

இரவுப் பணி முடிந்த கையோடு நிர்வாகக் கூட்டத்தில் உட்காரும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குக் குறைகிறது என்று 1997இலேயே ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அந்த நிலையில் கார் ஓட்ட மாட்டேன். கொள்முதல் கோப்புகளில் மட்டும் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, புதன்

கைப்பேசி இப்போது அரங்குக்கு வெளியே அலமாரியில் இருக்கிறது. கேள்வி வாசிக்கப்பட்டதும், முதலில் பொருளைப் பார்த்து, கையால் தொட்டு, பிறகே பதில் சொல்கிறேன். சரிபார்ப்பு முடிய முன்பைவிடச் சற்று நேரம் கூடுதலாகிறது. அறுவை மருத்துவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று பட்டியலின்படி மற்றவர்கள் தங்கள் பெயரும் பொறுப்பும் சொல்லி முடித்ததும், பணியில் சேர்ந்து இரண்டு வாரமே ஆன செவிலியர் அடுத்த வரிக்குப் போகாமல் நின்று, சற்றுத் தயங்கி, "மேடம், நீங்கள் இன்னும் சொல்லவில்லை" என்றார். சொன்னேன்.