ஆஸ்துமாவுக்கு ஊசி போடும் முன் எடுத்த சோதனைகள்

இன்ஹேலரை மாற்றிப் பார்த்தாயிற்று, அளவைக் கூட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் மழைக்காலம் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரை இல்லாமல் எனக்கு ஓடவில்லை. பெங்களூரில் நான் பார்க்கும் நுரையீரல் மருத்துவர், "இனி பயலாஜிக் ஊசியை யோசிக்கலாம்" என்றார். ஆஸ்துமாவைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தைத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்து அது. மறுநாளே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். முதலில் இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறேனா என்று அவர் கண்ணெதிரே செய்துகாட்டச் சொன்னார். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை.

ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது. மருத்துவர் சீட்டைத் தள்ளிவைத்தார். "இப்போதுதான் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரையை முடித்திருக்கிறீர்கள். அது ஈசினோஃபிலை அமுக்கிவிடும். சில வாரம் கழித்து எடுப்போம்." எனக்கு எரிச்சல்தான். ஆனால் மறுபடி எடுத்தபோது மைக்ரோலிட்டருக்கு 600-ஐத் தாண்டியிருந்தது.

இவ்வளவு பார்ப்பது எதற்கு? மூச்சுக்குழாயின் உள்தோலில் தூசியோ மகரந்தமோ புகையோ பட்டால், அது டிஎஸ்எல்பி, இன்டர்லூகின்-33 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை, வெளியிட்டு அபாயம் சொல்கிறது. உடனே சில நோயெதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின் 4, 5, 13 மூன்றையும் சுரக்கின்றன. 4, ஒவ்வாமைக்கான ஆன்டிபாடியான ஐஜிஈயைப் பெருக்கும்; 13 சளியைக் கூட்டும்; 5 எலும்பு மஜ்ஜையில் ஈசினோஃபில்களை வளர்த்து, சாகவிடாமலும் காக்கும். ஒவ்வொரு ஊசியும் இதில் ஏதோ ஓரிடத்தைத்தான் அடைக்கும். இன்டர்லூகின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாபை முதலில் ஈசினோஃபில் பார்க்காமல் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. ஈசினோஃபில் கூடியவர்களாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 2009 ஆய்வுகளில்தான் மூச்சுத்திணறல் தாக்குதல்கள் குறைந்தன. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது.

அடுத்து மலப் பரிசோதனை. "மூச்சுக்கு வைத்தியம் பார்க்கப் போனா இதையா கேப்பாங்க?" என்று அம்மா சிரித்தார். குடற்புழு இருந்தாலும் ஈசினோஃபில் ஏறும். புழுவை எதிர்க்கும் அந்த அணுவையே ஊசி குறைக்கவும் செய்யும். கேட்டது நியாயம்தான்.

எனக்குச் சிரமமாக இருந்தது ஃபீனோ சோதனை. நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்குப் பலம்கொண்ட மட்டும் ஊதிப் பழகியவன் நான்; இதில் ஒரே சீராக, மெதுவாக விட வேண்டும். திரையில் மிதக்கும் மேகம் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே நிற்க வேண்டும். எனக்கோ அது மேலே முட்டிக்கொண்டே இருந்தது. பரிசோதனை செய்த பெண் "நிதான, நிதான" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லி ஒருவழியாக முடித்தார். இன்டர்லூகின்-13 தூண்டும்போது உள்தோல் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் வெளியிடும். மூச்சில் இதைத்தான் அளக்கிறார்கள். எனக்கு ஓரளவே கூடியிருந்தது.

ஒவ்வாமைச் சோதனையில் பெரிதாக ஒன்றும் சிக்காததால் ஐஜிஈயைத் தடுக்கும் ஓமலிசுமாப் கழிந்தது. மெபோலிசுமாப், நான்கு வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம், தோலுக்கடியில். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பணம்தான் தலைவலி. "இரவு தங்காத சிகிச்சை" என்று காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்தது. ஆனால் இந்த வகை மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியை விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளில் ஒன்றாக, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-லேயே பட்டியலிட்டிருக்கிறது; உச்சவரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மருத்துவரின் கடிதத்தோடு அதையும் இணைத்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை கைக்காசுதான்.