வினைல் ராப் ஒட்டிய காரும் சென்னை வெயிலும்

"ராப் ஒட்டியாச்சு, இனி பெயின்ட் கவலை இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். சரி, ராப்புக்கு யார் கவலைப்படுவது? அது பெயின்ட் மேல் ஒட்டுகிற பிவிசி பிளாஸ்டிக் ஷீட். மே மாத வெயிலை நேராக வாங்கும் பானெட்டும் கூரையும்தான் முதலில் வெளுக்கும், கதவுகள் அப்புறம்தான்.

வெயில் ஏறுவதற்குள் நிழலில் வைத்துக் கழுவிவிடுவேன். சூடான பானெட்டில் ஷாம்பு போட்டால் அலசுவதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு வேறு. தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வாட்டர் வாஷில் விட்டால், பிரஷர் கன்னை ஓரங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோக விடாதீர்கள். கதவு விளிம்பில் ஷீட் மடியும் இடத்தில் தண்ணீர் புகுந்தால் பசை விட்டு நுனி தூக்கிக்கொள்ளும். அதில் தூசி ஏறிக் கறுப்புக் கோடு விழும், பார்க்கவே வயிறு எரியும்.

காக்கா எச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைக்க முடியாது. ஈரத் துணியை மேலே போட்டு, ஊறியதும் எடுங்கள், சுரண்டாதீர்கள். பளபளப்பில்லாத மேட் ராப் என்றால் வாக்ஸ், பாலிஷ் பக்கமே போகக் கூடாது, அங்கங்கே பளபளத்து அசிங்கமாகிவிடும். "டீசல் போட்டுத் துடைச்சா மின்னும் சார்" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிவிடுங்கள்.