நான்காவது வருடத்துக் கம்பெனி

வளரும் நாடு ஒன்றின் தொழில்முனைவுச் சூழல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று மதிப்பிடுவது என் வேலை. எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் கையில் கிடைப்பது ஒரே மாதிரியான கோப்புதான். பதிவான நிறுவனங்கள், புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரத் திறக்கப்பட்ட இன்குபேட்டர்கள், நடத்திய போட்டிகள், பயிற்சி பெற்ற இளைஞர்கள் என்று பக்கம் பக்கமாக விவரம் இருக்கும். உழைத்துச் சேர்த்த விவரங்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனையும் தொடக்கத்தைப் பற்றியவை. தொடங்கியவர் நான்காவது வருடம் எங்கே இருக்கிறார், எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

உலக அளவில் இதற்கென்று அளவுகோல்கள் உண்டு. 1999-இல் தொடங்கிய குளோபல் ஆந்த்ரப்ரனர்ஷிப் மானிட்டர் ஆய்வு, 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேர் தொழில் தொடங்கும் முயற்சியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் 42 மாதத்துக்கு உட்பட்ட தொழிலை நடத்துகிறார்கள் என்று மக்களையே கேட்கிறது. நல்ல ஆய்வு. ஆனால் அதில் உகாண்டா போன்ற நாடுகள் மிக உயரத்திலும் ஜப்பான், ஜெர்மனி மிகக் கீழேயும் வந்த ஆண்டுகள் உண்டு. சம்பள வேலை கிடைக்காத இடத்தில் ஆளாளுக்கு ஏதாவது ஒரு தொழிலை ஆரம்பிக்கத்தான் செய்வார்கள். அதனால் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து ஒரு நாட்டைப் பாராட்டவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. வேலை கிடைக்காததால் பிழைப்புக்காகத் தொடங்கியவர்கள் எத்தனை பேர், வேறு காரணங்களுக்காகத் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்றும் அதே ஆய்வு கேட்கிறது. நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

சட்டம், அனுமதி, பதிவு இவற்றை அளக்கும் வழக்கத்துக்கும் பழைய வரலாறு இருக்கிறது. 1980-களில் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு, பெருவின் லிமா நகரில் சிறிய தையல் கூடம் ஒன்றை முறைப்படி பதிவு செய்து பார்த்தது. முடிய 289 நாள் ஆனது. அந்தச் சோதனையின் வழியில் வந்ததுதான், எந்த நாட்டில் தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று வரிசைப்படுத்திய உலக வங்கியின் ‘டூயிங் பிசினஸ்’ தரவரிசை. சீனா, சவூதி அரேபியா உட்படச் சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்திருப்பது தெரியவந்து, 2021 செப்டம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். முறைகேடு இல்லாதிருந்தாலும் அதில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. விதிப்படி நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று அது வழக்கறிஞர்களையும் கணக்காளர்களையும் கேட்டது. பொருளாதார ஆய்வாளர்களான மேரி ஹால்வர்ட்-டிரைமையரும் லான்ட் பிரிட்செட்டும் அந்தக் கணக்கை, நிறுவனங்களையே நேரில் கேட்ட உலக வங்கியின் இன்னொரு ஆய்வோடு ஒப்பிட்டார்கள். ஒரே நாட்டில், ஒரே அனுமதியைச் சிலர் சில நாளில் வாங்கியிருந்தார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் இழுத்திருந்தது. ஏட்டில் இருந்த நாள் கணக்கு இரண்டு தரப்பின் அனுபவத்தோடும் பொருந்தவில்லை.

அதைப் படித்த பிறகு என் கேள்விகளின் அமைப்பையே மாற்றினேன். ஒரே உரிமத்தை எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஆள் தெரிந்தவரையும் யாரையும் தெரியாதவரையும் தனித்தனியே கேட்கிறேன். இருவருக்கும் ஆன நாட்களின் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்கிறேன். சராசரியைவிட அந்த வித்தியாசம் எனக்கு அதிகம் சொல்கிறது. சிபாரிசு இல்லாதவரும் கிட்டத்தட்ட அதே நாட்களில் வேலையை முடித்துக்கொள்ள முடிகிற நாட்டில், இன்குபேட்டர் குறைவாக இருந்தாலும் தொழில் வளர்கிறது என்பது என் அனுபவம்.

அப்புறம் பில். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் எனக்குத் தன் வரவு நோட்டைக் காட்டினார். சரக்கு அனுப்பிய தேதி, பில் எண், தொகை எல்லாம் பேனாவில் இருந்தன. பணம் வர வேண்டிய தேதி மட்டும் பென்சிலில் இருந்தது. அழித்து அழித்து எழுதியதில் அந்தப் பத்தியில் தாளே மெலிந்துபோயிருந்தது. விற்பனை வருடாவருடம் கூடியிருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்கள் சேரச் சேர நிலுவையும் கூடியிருக்கிறது. “ஆர்டர் வந்தால் இப்போது பயமாக இருக்கிறது சார்” என்றார். வங்கிக்குப் போனால் நிலத்தை அடமானம் கேட்கிறார்கள். நிலம் இல்லாதவருக்கு, குடும்பச் சொத்தில் பெயர் இல்லாத பெண்ணுக்கு அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நிறைய நிறுவனங்கள் நான்காவது வருடத்தைத் தாண்டாததற்குக் காரணத்தை நான் இங்கேதான் அடிக்கடி பார்க்கிறேன். யோசனையில் கோளாறு இருக்காது, பொருளும் விற்றிருக்கும். பணம் மட்டும் அடுத்தவர் கையில் மாட்டிக்கொண்டிருக்கும். மெக்சிகோவின் அரசு வளர்ச்சி வங்கியான நாஃபின் 2001-இல் இதற்கு ஒரு வழி செய்தது. பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்த சிறியவர், தன் பில்லை இணையம் வழியாக வங்கிக்கு விற்றுப் பணம் எடுத்துக்கொள்ளலாம். வங்கி பார்ப்பது பணம் தர வேண்டிய பெரிய நிறுவனத்தின் நம்பகத்தன்மையை. சிறியவர் நிலம் காட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது. இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்பதோடு நான் நிற்பதில்லை. அரசுத் துறைகளே அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பேன். பாக்கி வைப்பதில் அரசே முதல் ஆளாக இருந்தால், எத்தனை மானியம் அறிவித்தாலும் அந்தச் சூழலை வலுவானது என்று என்னால் எழுத முடியாது.

தோற்றவரையும் தேடிப் போக வேண்டும். அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. விசாரித்து விசாரித்துத்தான் பிடிக்க முடியும். நிறுவனத்தை மூட எவ்வளவு காலம் ஆனது, கடன் சொந்த வீட்டைத் தொட்டதா, திரும்பிய காசோலைக்காகச் சிறை பயம் இருந்ததா என்று கேட்கிறேன். மூடுவதற்கே வருடக்கணக்கில் ஆகும் நாட்டில் கெட்டிக்காரர்கள் முறையாகத் தொடங்கவே தயங்குகிறார்கள்.

சரி, யார் யாரிடம் கற்றார்கள் என்பது இன்னொரு விஷயம். இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள், முதல் பணம் யார் கொடுத்தார், நீங்கள் யாருக்கு வழிகாட்டினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு அம்புக்குறி போட்டு வரைவேன். தொழில்முனைவோருக்குத் துணை செய்யும் எண்டெவர் அமைப்பு, அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் போன்ற நகரங்களுக்கு இப்படிப்பட்ட வரைபடங்கள் செய்திருக்கிறது. தொழில் செய்து ஜெயித்தவர்களிடமிருந்து அம்புகள் புறப்பட்டால் நம்பிக்கை வருகிறது. எல்லா அம்பும் ஏதோ ஒரு வெளிநாட்டு நிதித் திட்டத்திலிருந்தே புறப்பட்டால், அந்தத் திட்டம் முடியும் வருடத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கென்யாவை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். 2007-இல் அங்குள்ள தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் எம்-பெசாவைத் தொடங்கியது. தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் வசதி. அதை வோடஃபோன் தரப்பிலிருந்து உருவாக்கியவர்களில் ஒருவரான நிக் ஹியூஸ், பிறகு எம்-கோப்பா நிறுவனத்தின் இணை நிறுவனரானார். மின்சாரம் எட்டாத வீடுகளுக்குச் சூரிய விளக்கைக் கொடுத்துவிட்டு, விலையைத் தினசரி சிறு தவணையாக எம்-பெசா வழியே வாங்கும் தொழிலாக அது தொடங்கியது. எம்-பெசா இல்லாவிட்டால் அவ்வளவு சின்னத் தொகையை வசூலிக்கும் செலவே தொழிலை முடக்கியிருக்கும். அந்த எம்-பெசாவுக்கும் பின்னால் கென்ய மத்திய வங்கியின் ஒரு முடிவு இருக்கிறது. முழுமையான விதிமுறைகள் இல்லாத அந்த நேரத்தில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுத்து, நடக்க விட்டுக் கண்காணித்தார்கள். பணப்பட்டுவாடாவுக்கான தனிச் சட்டம் 2011-இல்தான் வந்தது.

அதனால் இப்போதெல்லாம் இன்குபேட்டர்களைப் பார்த்து முடித்ததும் மத்திய வங்கிக்கும் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கும் நேரம் கேட்டு எழுதுகிறேன். தொழில்முனைவுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் திருப்பிக் கேட்பதுண்டு. விதியில் இல்லாத ஒன்றோடு வருபவரை இங்கே யார் உட்காரவைத்துப் பேசுகிறார்கள், பதில் எத்தனை நாளில் போகிறது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருகிறார்களா என்று கேட்பேன். கடைசியாக அப்படி மறுத்த கடிதம் ஏதாவது இருந்தால், பெயரை மறைத்துவிட்டு ஒரு பிரதி தரச் சொல்வேன்.