போன் பழக்கம்னு போனேன், பதட்டம்னு எழுதிக் குடுத்தாங்க

போன் பழக்கத்த விடறதுக்குன்னு தேடினா எங்க பாத்தாலும் ரீல்ஸ் பாக்கறவங்களுக்கான அட்வைஸ்தான் இருக்கு. நான் ரீல்ஸ் பாக்கறதே கம்மி. என் பிரச்சனை வேற, போன் கைல இல்லன்னா நெஞ்சு படபடன்னு அடிக்கும், சார்ஜ் 20%க்கு கீழ எறங்கினா வயித்தக் கலக்கும், பாக்கெட்ல அதிராத போன் அதிர்ற மாதிரியே இருக்கும். ஒரு ராத்திரி ஊர்லேர்ந்து அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு கால் வந்ததுலேர்ந்து இப்படித்தான். அவர் ஸ்டென்ட் வச்சுக்கிட்டு காலைல வாக்கிங் போறார், நான்தான் தூங்காம வாட்ஸ்அப்ல லாஸ்ட் சீன் பாத்துக்கிட்டு கெடந்தேன்.

போன் கைல இல்லன்னா வர்ற இந்த பயத்துக்கு நோமோபோபியான்னு பேர், 2008ல இங்கிலாந்துல ஒரு சர்வேக்காக வச்ச பேராம். 2015ல வந்த 20 கேள்வி டெஸ்ட் ஒண்ணு கூட இருக்கு, போட்டுப் பாத்தா மார்க் வரும், அவ்ளோதான். ஆப் லாக், கருப்பு வெள்ளை ஸ்க்ரீன் எல்லாம் எனக்கு வேலைக்கே ஆகல. பூட்டு போட்டா பயம் இன்னும் ஏறுச்சு.

கடைசில 14416க்கு போட்டேன், டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன், 2022ல சென்ட்ரல் கவர்மென்ட் ஆரம்பிச்சது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். போன் பயத்துக்கு போன்லயே ஹெல்ப் கேக்கறது எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு. பேசின அம்மா பொறுமையா கேட்டுட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு போகச் சொன்னாங்க. அங்க டாக்டர் மொதல்ல தைராய்டு டெஸ்ட் எழுதினார், தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வருமாம். டெஸ்ட் ரிசல்ட் நார்மல். சீட்டுல பதட்டம்னுதான் எழுதினார், போன்ங்கற வார்த்தையே இல்ல.

அப்புறம் சைக்காலஜிஸ்ட் மேடம். அவங்க கேட்ட மொத கேள்வி, "போன எடுக்கும்போது என்ன தெரிஞ்சுக்கறதுக்கு எடுக்கறீங்க தம்பி?" எனக்கு பதிலே வரல. அவங்க சொன்னது என்னன்னா, செக் பண்ணதும் ஒண்ணும் இல்லன்னு ஒரு நிம்மதி வருதுல்ல, அந்த நிம்மதிதான் அடுத்த செக்க இழுத்துட்டு வருது, செக் பண்ணதாலதான் ஒண்ணும் ஆகலன்னு மனசு நம்பிடுது, பண்ணாம இருந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுக்க அதுக்கு சான்ஸே கெடைக்கறதில்ல. அதனால போன தூக்கி வீசச் சொல்லல, தள்ளிப்போடச் சொன்னாங்க. எடுக்கணும்னு தோணுனா ஒரு நோட்டுல என்ன பயம், பத்துக்கு எவ்ளோன்னு எழுதணும், கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும், திரும்ப மார்க் போடணும். மொதல்ல எட்டு, ஒன்பதுன்னே எழுதினேன், வேர்த்துக் கொட்டும், நோட்டயே கிழிச்சுப் போடலாம்னு இருக்கும். ஆனா உக்காந்தா தானா எறங்குது. அத என் கையெழுத்துலயே பாத்ததுதான் என்னை நம்ப வச்சது, யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ராத்திரிக்கு ஒரு செட்டிங் உதவுச்சு. டூ நாட் டிஸ்டர்ப்ல அம்மா, தம்பி நம்பருக்கு மட்டும் பெல் அடிக்கற மாதிரி வச்சேன், வேற யாராவது அடுத்தடுத்து ரெண்டு தடவ கூப்பிட்டாலும் அடிக்கும். அவசரம்னா வந்துரும்ல, அப்புறம் எதுக்கு முழிக்கறது? போன் ஹால்ல, பெட்ரூம்ல பழைய அலாரம் கடிகாரம். மாத்திரை எனக்கு வேணாம்னுட்டார் டாக்டர், சில பேருக்கு தேவப்படும், அத அவர்தான் சொல்லணும்.

ஆபீஸ் குரூப் மட்டும் இன்னும் அடங்கல. ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஆச்சுன்னா கை தானா போகுது, மேனேஜர்கிட்ட பேசுங்கன்னாங்க மேடம், இன்னும் பேசல.

இப்ப குடுத்திருக்கற வேலை, போன வீட்ல வச்சுட்டு மார்க்கெட் போயிட்டு வரணும். பயம்லாம் நாலு மார்க்தான், ஆனா ஜிபே இல்லாம 500 ரூபா நோட்ட நீட்டினா காய்க்கார அக்கா சில்லறை இல்லங்கறாங்க, அதுக்கு மேடம்கிட்ட பதில் இல்ல.