எஃப் சுரத்துக்கு மேல் ஏறாத தந்தி: ப்யூர் டேட்டாவில் ஒரு சிந்தசைசர் கட்டிய அனுபவம்

ப்யூர் டேட்டா என்பது கணினியில் ஒலியைக் கட்டுவதற்கான ஒரு மென்பொருள். அதைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பலகைதான் வரும். குமிழ் கிடையாது, தயாராக ஒரு ஒலியும் கிடையாது. பெட்டி போட்டு அதற்குள் பெயர் எழுத வேண்டும், அதை இன்னொரு பெட்டியோடு வயரால் இணைக்க வேண்டும், அவ்வளவுதான். 1980களில் பாரிஸின் இர்காம் ஆய்வகத்தில் மேக்ஸ் என்ற இதே மாதிரி மென்பொருளை எழுதிய மில்லர் பக்கெட்தான் 1990களில் இதையும் எழுதி இலவசமாக விட்டார், இரண்டையும் பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. விரலால் சுண்டிய தந்தி போல ஒலிக்கிற ஒரு சிந்தசைசர், பதிவு செய்த ஒலி ஒன்றுகூட இல்லாமல்.

அதற்குக் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட வழி ஒன்று இருக்கிறது. துளி இரைச்சலை ஒரு டிலேக்குள், அதாவது ஒலியைச் சற்றுத் தாமதித்து வெளியே விடும் பெட்டிக்குள் விட்டு, வெளியே வருவதை லேசாக மழுக்கி, திரும்ப அதே டிலேக்குள் அனுப்ப வேண்டும். டிலேயின் நீளம்தான் சுருதி. கணினி ஒலியைச் சாம்பிள் என்ற எண்களின் வரிசையாகத்தான் கையாளும். விநாடிக்கு 44100 சாம்பிள் ஓடும்போது 100 சாம்பிள் நீளமுள்ள டிலேயை ஒலி 441 தடவை சுற்றி வரும், காதுக்கு அது 441 ஹெர்ட்ஸ். மழுக்குவதற்கு அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் சராசரியே போதும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே இருக்கிற கூரான ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் மடங்குகளாக ஒலிக்கும் மேல் ஒலிகள்) முதலில் தேயும், அடிச்சுரம் கடைசிவரை நிற்கும், நிஜத் தந்தியிலும் நடப்பது இதுதான். பெட்டிகளும் வயர்களும் சேர்ந்த அமைப்பைப் பேட்ச் என்பார்கள். பத்துப் பெட்டிகூட இல்லாத என் பேட்ச், பட்டனை அழுத்தியதும் 'டங்' என்று கேட்டது. உடம்பு சிலிர்த்துப் போனது. அன்று ராத்திரி அந்த ஒரே சுரத்தை எத்தனை தடவை சுண்டினேன் என்று கணக்கில்லை.

இதைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். திரும்ப அனுப்பும் ஒலியை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான எண்ணால், 0.996 மாதிரி, பெருக்க வேண்டும். கை தவறி 1-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வளர்ந்துகொண்டே போய் சீக்கிரமே அலறும். ஸ்பீக்கருக்குப் போகும் டாக்~ பெட்டிக்கு முன்னால் ஒலியை ஒரு எல்லைக்கு மேல் போகாமல் வெட்டும் கிளிப்~ பெட்டியை வைத்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள். இருப்பது ஒரு ஜோடிக் காதுதானே.

அப்புறம் மிடி கீபோர்டை, அதாவது அழுத்திய கட்டையின் எண்ணைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டை இணைத்தேன். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதற்கு முந்தி அழுத்திய கட்டையின் சுருதி வந்தது. சுருதியை ஒரு பெட்டியில் சேமித்து வைத்து, சுண்டும் நேரத்தில் அதை எடுத்து அனுப்பும்படி கட்டியிருந்தேன். ப்யூர் டேட்டாவில் ஒரே இடத்திலிருந்து இரண்டு வயர் பிரிந்தால், எதை முதலில் இழுத்தோமோ அதில்தான் செய்தி முதலில் போகும், திரையைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. என் பேட்சில் எடுக்கிற வயர் சேமிக்கிற வயரை முந்திக்கொண்டது. ட்ரிகர் பெட்டி ஒன்றை நடுவில் வைத்ததும் சரியாகிவிட்டது, அது எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் அனுப்பும். வயர் பிரிகிற இடத்திலெல்லாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டு ட்ரிகர் போட்டுவிடுகிறேன்.

என்னை உண்மையிலேயே நிறுத்தி வைத்தது அடுத்து வந்த கோளாறுதான். கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக வாசித்துக்கொண்டே மேலே போனால் ஒரு இடம் வரைக்கும் அழகாக ஏறுகிறது, மிடி எண் 76, அதாவது ஈ, அதுவரை சரி. 77 எஃப் கொஞ்சம் சுருதி இறங்கி இருக்கிறது. 78, 79, 80 எல்லாம் அதே எஃப். எவ்வளவு மேலே போனாலும் தந்தி அங்கேயே நிற்கிறது. பிரிண்ட் பெட்டியை வைத்து எண்களைப் பார்த்தேன். 76-க்கு 659.26 ஹெர்ட்ஸ், டிலே 1.52 மில்லிசெகண்ட். 77-க்கு 698.46 ஹெர்ட்ஸ், டிலே 1.43 மில்லிசெகண்ட். கணக்கில் பிழையே இல்லை, டிலேக்குச் சரியான எண்தான் போகிறது, டிலேதான் அதைக் கேட்க மாட்டேன் என்கிறது.

இரண்டு நாள் வேறு எங்கெங்கோ தேடிவிட்டு அந்த இரண்டு எண்களுக்கே திரும்பி வந்தேன். 1.52 போகிறது, 1.43 போகவில்லை, அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு சுவர் இருக்க வேண்டும். ப்யூர் டேட்டா ஒலியை ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்கிடுவதில்லை, 64 சாம்பிள்களை ஒரு கட்டாகச் சேர்த்துக் கணக்கிடுகிறது. 64-ஐ 44100-ஆல் வகுத்தால் 1.45 மில்லிசெகண்ட். சுவர் அதுதான். டிலேயிலிருந்து வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே அனுப்பும்போது அது அடுத்த கட்டில்தான் போய்ச் சேர முடியும், அதனால் ஒரு சுற்று 64 சாம்பிளுக்குக் கீழே சுருங்கவே சுருங்காது, 689 ஹெர்ட்ஸை ஒட்டி எல்லாம் நின்றுபோகிறது. காரணம் புரிந்த பிறகு தீர்வு ரொம்பச் சின்னது. தந்தியின் சுற்றை மட்டும் தனி சப்பேட்சாக்கி, அதாவது பேட்சுக்குள் ஒரு குட்டிப் பேட்சாக்கி, அதற்குள் பிளாக்~ 1 என்று ஒரு பெட்டி போட வேண்டும், அந்தச் சப்பேட்ச் மட்டும் ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்கிடும். பிராசசர் வேலை கூடத்தான் செய்கிறது, அதனால் சுற்றுக்குத் தேவையில்லாத எதையும் அதற்குள் வைக்கவில்லை. போட்டுவிட்டு 77-ஐ அழுத்தினேன், எஃப். 78-ஐ அழுத்தினேன், ஏறியது. கீபோர்டின் கடைசிக் கட்டை வரை ஏறிக்கொண்டே போனது.

மேலே ஏறிய பிறகுதான் சுருதி சுத்தமாக இல்லை என்று காதில் பட்டது. டிலேயிலிருந்து ஒலியை எடுக்கும் டெல்ரீட்~ பெட்டி முழு சாம்பிள்களில்தான் டிலே தரும், போதாததற்கு சராசரி எடுக்கும் ஃபில்டரே அரை சாம்பிள் தாமதத்தைச் சேர்க்கிறது. 440 ஹெர்ட்சில் ஒரு சுற்று சுமார் 100 சாம்பிள்தான், அதில் அரை சாம்பிள் என்றால் எட்டு ஒன்பது சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறக்கம், மேலே போகப் போக இன்னும் மோசம். பின்னங்களையும் ஏற்கிற டெல்ரீட்4~ பெட்டிக்கு மாறி, கணக்கில் அரை சாம்பிளைக் கழித்தேன்.

ஒரே நேரத்தில் பல சுரம் வாசிக்க ஆறு குரல், அதாவது தந்தியின் ஆறு பிரதி வேண்டும், அதற்குக் குளோன் பெட்டி இருக்கிறது. இங்கே ஒரு சின்ன விஷயம், டிலேயின் பெயருக்கு முன்னால், ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண்ணாக மாறும் $0 போடாவிட்டால் ஆறு குரலுக்கும் ஒரே பெயர்தான் அமையும். பல சுரத்தைச் சேர்த்து வாசித்தால் ஒரு தந்தி மட்டும் கேட்கும்.

பிறகு தேய்மானம். 0.996 என்ற ஒரே எண் எல்லாச் சுரத்துக்கும் பொருந்தாது. 110 ஹெர்ட்ஸ் தந்தி விநாடிக்கு 110 தடவைதான் சுற்றுகிறது, ஒரு விநாடி கழித்து 64 சதவீதம் மிச்சம் இருக்கும். 880 ஹெர்ட்ஸ் 880 தடவை சுற்றுகிறது, மூன்று சதவீதம்கூட மிஞ்சாது. ஃபில்டர் தின்பது வேறு. அதனால் எத்தனை விநாடியில் அடங்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன், பெருக்கும் எண்ணை ஒவ்வொரு சுரத்துக்கும் பேட்சே கணக்கிட்டுக்கொள்கிறது. மேல் சுரங்கள் மரக்கட்டையைத் தட்டியது போலக் கேட்டதெல்லாம் இதற்கு அப்புறம்தான் தந்தியானது.

இப்போது கட்டையை மெதுவாக அழுத்தினால் ஆரம்ப இரைச்சல், கூரான மேல் ஒலிகளைக் குறைக்கும் லோ-பாஸ் ஃபில்டரில் மங்கி மென்மையாக வருகிறது, அழுத்தி வாசித்தால் கூர்மையாக. இந்த வாரம் சுண்டும் இடத்தைச் சேர்த்தேன். இரைச்சலை ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து, அதை மூல இரைச்சலிலிருந்து கழித்தால், தந்தியின் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் சுண்டியது போல ஐந்தாவது ஹார்மோனிக் மறைந்துவிடும். அந்தப் பங்கை மாற்ற ஒரு ஸ்லைடர் வைத்திருக்கிறேன். பாதியில் வைத்துச் சுண்டினால் உருண்டையாக வருகிறது, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மெலிந்து கம்பியாகிறது. நேற்று அந்த ஸ்லைடரை மட்டும் நகர்த்திக்கொண்டே ஒரே சுரத்தை ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.